இதயப் பம்ப் போட்ட நோயாளிக்கு ரத்தம் உடைகிறதா? கண்டுபிடிப்பதிலிருந்து சரிசெய்வது வரை முழு வழிகாட்டி

இரவு இரண்டரை மணி. பெரிய ஹார்ட் அட்டாக்கில் வந்து, தொடை வழியாக இம்பெல்லா பம்ப் போட்டு முப்பது மணிநேரம் ஆன நோயாளி. பிரஷர் நன்றாக இருக்கிறது, கான்சோலில் (பம்பின் கட்டுப்பாட்டுத் திரை) ஓட்டம் நிமிடத்துக்கு 3.4 லிட்டர் காட்டுகிறது, அலாரம் எதுவும் அடிக்கவில்லை. ஆனால் கட்டிலுக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பையில் மாலை வைக்கோல் நிறத்தில் இருந்தது இப்போது பால் ஊற்றாத டிக்காஷன் மாதிரி இருக்கிறது. கூட இருந்த இளம் டாக்டர் "தண்ணீர் பத்தலை போல" என்றார், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். லேபிலிருந்து போன்: "சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருக்கு, வேற அனுப்புங்க." வேறு அனுப்பினோம். அதே பதில். இரண்டாவது தடவை அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் உறைத்தது, ரத்தம் உடைவது ஊசியில் இல்லை, உடம்புக்குள்ளேயே உடைந்துகொண்டிருக்கிறது.

அன்று வீணான அந்த ஒன்றரை மணிநேரம் வேறு யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இதய ஐசியுவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கள், பெர்ஃப்யூஷன் டெக்னீஷியன்கள், டியூட்டி டாக்டர்கள் இவர்களை மனதில் வைத்து எழுதியது. நோயாளியின் குடும்பத்தினருக்குத் தேவையானதைக் கடைசிப் பகுதிகளில் ஒன்றில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்று மட்டும்: பம்பைத் தொடுவது, மருந்து அளவை மாற்றுவது எல்லாம் சிகிச்சை தரும் டாக்டரின் முடிவு. ஆனால் கோளாறு முதலில் படவேண்டியது நம் கண்ணில்தான்.

முதலில், பம்புக்குள் என்ன நடக்கிறது

இம்பெல்லா என்பது ஒரு மெல்லிய குழாயின் நுனியில் உட்கார்ந்திருக்கும் குட்டி மோட்டார். சிபி என்ற வகையில் பம்ப் பகுதியின் தடிமன் 14 ஃபிரெஞ்ச், அதாவது 5 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. தொடைத் தமனி வழியாக ஏறி, மகாதமனி வால்வைத் தாண்டி, அதன் வாய் இடது கீழறைக்குள் இருக்கும், வெளியேற்றும் துளை வால்வுக்கு மேலே மகாதமனியில் இருக்கும். அறைக்குள்ளிருந்து ரத்தத்தை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் வேலை. உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 46,000 சுற்று.

இந்த எண்ணைக் கேட்டதும் மிக்ஸி ஞாபகம் வந்து 'ரத்தம் கூழாகிவிடாதா' என்று தோன்றுவது இயல்பு. நிபுணர்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. ரிச்சர்டு வாம்ப்லர் என்ற அமெரிக்க மருத்துவர் எகிப்தில் ஒரு கிராமத்தில் ஆர்க்கிமிடீஸ் திருகால் தண்ணீர் இறைப்பதைப் பார்த்துவிட்டு, அதே திருகை ரத்தக் குழாய்க்குள் வைத்தால் என்ன என்று யோசித்தார். அதிலிருந்து பிறந்த ஹீமோபம்பை 1988 ஏப்ரலில் ஹூஸ்டனில் டாக்டர் ஃபிரேசியர் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். நிமிடத்துக்கு 25,000 சுற்று சுற்றினால் சிவப்பணுக்கள் தப்பாது என்று நினைத்தவர்கள் பலர். ஆனால் தப்பின. காரணம், ஒவ்வொரு அணுவும் சுழல் தகடுக்குள் இருப்பது சில மில்லி விநாடிதான். சிவப்பணு வளையும், நீளும், கொஞ்ச நேரம் பலமான உரசலையும் தாங்கும். சுமார் 150 பாஸ்கல் அளவுக்கு மேல் உரசல் விசை நீடித்து இருந்தால்தான் அதன் தோல் கிழியும். அதைவிடப் பெரிய விசையையும் மிகக் குறுகிய நேரம் தாங்கிவிடும். விசை எவ்வளவு, எவ்வளவு நேரம், இரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், 'பம்ப் போட்டா கொஞ்சம் ரத்தம் உடையத்தான் செய்யும்' என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டு நகர்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. லேசாக உடைவது உண்டுதான். ஆனால் சிறுநீர் கறுக்கும் அளவுக்கு உடைந்தால் அதற்குப் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடிய, சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று இருக்கும். அதைத் தேடாமல் ரத்தம் ஏற்றினால் ஏற்றிய ரத்தத்தையும் அதே பம்ப் உடைக்கும்.

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும்வரை சத்தமில்லாமல் ஓடும். தண்ணீர் இறங்கிவிட்டால், அல்லது ஃபுட்வால்வு சேற்றில் புதைந்துவிட்டால், அதே மோட்டார் அதே வேகத்தில் திணறும். இம்பெல்லாவிலும் கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்: வாய் தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது அறையில் இறைக்க ரத்தம் போதவில்லை. மூன்றாவது, பம்புக்குள் ரத்தக்கட்டி. நான்காவது, தேவைக்கு மேல் வேகம்.

படி 1: உடைகிறதா என்று உறுதி செய்யுங்கள்

சிறுநீர் நிறத்தை ஒவ்வொரு மணிநேரமும் பாருங்கள், அளவை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். பையில் பார்ப்பதைவிட குழாயில் புதிதாக வரும் சிறுநீரைப் பாருங்கள், பையில் பழசும் புதுசும் கலந்திருக்கும். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து நிறத்தை வார்த்தையில் எழுதினால் இன்னும் நல்லது. இளஞ்சிவப்பு, டீ, டிக்காஷன், கோலா என்று எப்படித் தோன்றுகிறதோ அப்படியே.

நிறம் மாறினால் டிப்ஸ்டிக் போடுங்கள். ரத்தம் பாசிட்டிவ், ஆனால் மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு இல்லை என்றால் சிறுநீரில் இருப்பது உடைந்த அணுவிலிருந்து வந்த ஹீமோகுளோபின், அல்லது தசையிலிருந்து வந்த மயோகுளோபின். இந்த இரண்டாவதை மறக்காதீர்கள். தொடையில் இவ்வளவு தடிமனான குழாய் இருக்கும்போது காலுக்குப் போகும் ரத்தம் தடைபட்டுத் தசை சாகத் தொடங்கினாலும் சிறுநீர் இதே நிறத்தில்தான் வரும். அதனால் சிறுநீர் கறுத்த உடனே போர்வையை விலக்கிக் காலைத் தொட்டுப் பாருங்கள், டாப்ளரில் நாடி கேளுங்கள். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ரத்தம் எடுத்த டியூபைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிவிட்டு மேலே நிற்கும் பிளாஸ்மாவைப் பாருங்கள். ஹீமோகுளோபின் என்றால் பிளாஸ்மா ரோஸ் மில்க் நிறத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கும். மயோகுளோபின் சீக்கிரம் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் பிளாஸ்மா வழக்கமான வெளிர் மஞ்சளிலேயே இருக்கும்.

சாம்பிள் எடுக்கும்போதே ரத்தம் உடைந்திருக்கலாம் என்ற சந்தேகமும் நியாயம்தான். சின்ன ஊசியில் வேகமாக இழுத்தால் உடையும். ஆகவே ஆர்ட்டீரியல் லைனிலிருந்து மெதுவாக இழுத்து இரண்டாவது சாம்பிள் ஒன்று அனுப்புங்கள். அதுவும் ஹீமோலைஸ் என்று திரும்பினால் மூன்றாவது சாம்பிள் எடுக்கத் தேவையில்லை, டாக்டருக்குப் போன் போடுங்கள்.

பரிசோதனைகளில் மிக நேரடியானது பிளாஸ்மாவில் சுதந்திரமாக மிதக்கும் ஹீமோகுளோபினை அளப்பது. 24 மணிநேரத்துக்குள் இரண்டு தடவை டெசிலிட்டருக்கு 40 மி.கி.க்கு மேல் என்ற அளவு இந்தப் பம்புகளைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் பயன்பட்டது. 20ஐயே எல்லையாக வைக்கும் வரையறைகளும் உண்டு. இந்தப் பரிசோதனை எல்லா லேபிலும் கிடைக்காது. அப்போது எல்டிஹெச் (அணுக்கள் உடைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி), ஹாப்டோகுளோபின் (வெளியே வந்த ஹீமோகுளோபினைப் பிடிக்கும் புரதம், உடைவில் குறையும்), மறைமுக பிலிருபின், ஹீமோகுளோபின் இவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் தனியாக எதையும் நம்பாதீர்கள். ஹார்ட் அட்டாக்கே எல்டிஹெச்சை ஏற்றும், ஷாக்கில் அடிபட்ட ஈரலும் ஏற்றும். ஹாப்டோகுளோபின் உடம்பில் அழற்சி இருந்தால் தானாகவே கூடும். அதனால் பம்ப் போட்ட அன்றே ஒரு முழு செட் எடுத்து வைத்து, தினமும் எடுத்து, போக்கைப் பாருங்கள். நேற்று 900, இன்று 700, மறுநாள் 2,200 என்று எல்டிஹெச் திரும்பி ஏறினால் அதற்கு ஹார்ட் அட்டாக்கைக் காரணம் சொல்ல முடியாது.

படி 2: கான்சோலைப் படியுங்கள்

அலாரம் அடிக்கவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் நோயாளிக்கு அன்று ஒன்றும் அடிக்கவில்லை. திரையில் இரண்டு அலைகள் இருக்கும், ஒன்று இட சமிக்ஞை, இன்னொன்று மோட்டார் மின்னோட்டம். பம்ப் வால்வின் குறுக்கே சரியாக இருந்தால் இட சமிக்ஞை மகாதமனி அலை போல இருக்கும், மோட்டார் மின்னோட்டமும் இதயத் துடிப்போடு ஏறி இறங்கும். மின்னோட்ட அலை தட்டையாகிவிட்டால் வாயும் வெளித்துளையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள். அப்படித் தட்டையாகும்போது இட சமிக்ஞை கீழறை அலை மாதிரி இருந்தால் பம்ப் முழுவதும் உள்ளே போய்விட்டது, மகாதமனி அலையாகவே இருந்தால் வெளியே வந்துவிட்டது. இதயம் ரொம்பவே பலவீனமாக இருந்தாலும் அலை தட்டையாகும், அதனால் திரையை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் எக்கோவுக்குப் போகவேண்டும்.

அப்படியே பர்ஜ் எண்களையும் பாருங்கள். மோட்டாருக்குள் ரத்தம் நுழையாமல் எதிர்த்திசையில் டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் சொட்டிக்கொண்டே இருக்கும், அதன் அழுத்தம் 300க்கும் 1,100 மி.மீ. மெர்க்குரிக்கும் இடையில் இருக்கவேண்டும். அழுத்தம் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனால், கூடவே மோட்டார் மின்னோட்டமும் ஏறினால், குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மடங்கவில்லை என்றால் உள்ளே கட்டி உருவாகிறது என்று நினைக்கவேண்டும். பர்ஜில் சலைன் மட்டும் போட்டுவிடக் கூடாது, அவசரத்தில் கைக்குக் கிடைத்த பாட்டிலை மாட்டிவிடும் ஆபத்து நிஜமாகவே உண்டு.

படி 3: எக்கோவில் வாய் எங்கே இருக்கிறது

இதுதான் முக்கியமான படி. ஹீமோலிசிஸ் (சிவப்பணுக்கள் உடைவது) என்று சந்தேகம் வந்தால் எக்கோ காலையில் ரவுண்ட்ஸுக்குப் பிறகு என்று தள்ளிப்போடக் கூடியதில்லை.

சிபி வகையில் உறிஞ்சும் வாய் மகாதமனி வால்வுக்குக் கீழே ஏறக்குறைய 3.5 செ.மீ. தூரத்தில் இருக்கவேண்டும், 5.5 என்ற பெரிய வகையில் 5 செ.மீ. அளக்கும்போது பலர் செய்யும் தவறு, நுனியில் சுருண்டிருக்கும் பன்றிவால் பகுதியை வாய் என்று எடுத்துக்கொள்வது. வாய் அதற்குப் பின்னால் இருக்கிறது. தூரம் சரியாக இருந்தாலும் திசை தவறாக இருக்கலாம். நுனி இதயத்தின் முனையை நோக்கி, நடுவில் காலி இடத்தில் இருக்கவேண்டும். மைட்ரல் வால்வின் நாண் கயிறுகளுக்குள்ளோ, தூண் தசைக்குப் பின்னாலோ, இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் ஒட்டிக்கொண்டோ இருந்தால் வாயில் பாதி அடைபட்டுவிடும். மீதிப் பாதி வழியாக அதே ரத்தம் அதே வேகத்தில் நெருக்கியடித்துப் போகும்போதுதான் அணுக்கள் கிழிகின்றன.

பம்ப் எப்படி நகர்கிறது? நாம்தான் நகர்த்துகிறோம். நோயாளியைத் திருப்பி முதுகு துடைக்கும்போது, ஸ்கேனுக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும்போது, நோயாளி விழித்துக் காலை மடக்கும்போது. மகாதமனி வளைவில் குழாய் தளர்வாகக் கிடந்தால் அந்தத் தளர்ச்சி மெல்ல உள்ளே போய்விடும். என் நோயாளிக்கு நடந்தது அதுதான். இரவு பத்து மணிக்கு உடம்பு துடைத்திருக்கிறார்கள், எக்கோவில் வாய் கிட்டத்தட்ட 5 செ.மீ. ஆழத்தில், மைட்ரல் வால்வுப் பக்கம் சாய்ந்து கிடந்தது. குழாயில் தொடைப் பக்கம் செ.மீ. கோடுகள் உண்டு, எந்தக் கோடு தெரிகிறது என்று ஷிஃப்டுக்கு ஒரு தடவையும், நோயாளியை அசைத்த ஒவ்வொரு தடவையும் எழுதியிருந்தால் பத்தரைக்கே தெரிந்திருக்கும். நாங்கள் எழுதவில்லை. இப்போது எழுதுகிறோம்.

இடம் மாற்றுவது எக்கோ பார்த்துக்கொண்டே, வேகத்தைக் குறைத்துவிட்டு, பழகிய டாக்டர் செய்வது. மெதுவாக வெளியே இழுத்து, முறுக்கு இருந்தால் எடுத்து, தளர்ச்சியை நீக்கி, பூட்டை இறுக்கி, புதிய கோட்டு எண்ணை எழுதிவைக்க வேண்டும். பம்ப் வால்வின் குறுக்கே இருக்கும்போது பூஜ்ய நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவைக்கக் கூடாது, மகாதமனியிலிருந்து ரத்தம் பம்ப் வழியாகவே கீழறைக்குத் திரும்பிப் பாயும்.

படி 4: அறையில் ரத்தம் போதுமா

வாய் சரியான இடத்தில் இருக்கிறது, இருந்தும் சக்ஷன் (உறிஞ்சல்) அலாரம் வருகிறது, ஓட்டம் ஏறி ஏறி விழுகிறது என்றால் கிணற்றில் தண்ணீர் இல்லை. முதல் வேலை வேகத்தை ஒன்றிரண்டு நிலை குறைப்பது, பி-8 இலிருந்து பி-6 என்கிற மாதிரி. பலருக்குக் கை போவது எதிர்ப்பக்கம், ஓட்டம் குறைகிறதே என்று கூட்டுவார்கள், உறிஞ்சல் இன்னும் மோசமாகும்.

அப்புறம் ஏன் நிரம்பவில்லை என்று தேடவேண்டும். சிவிபி (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) குறைவாக இருந்தால் நீர் போதவில்லை, அல்லது எங்கோ ரத்தக் கசிவு. தொடை, இடுப்புக்குப் பின்னால் வயிற்றுப் பகுதி, இரைப்பை எல்லாம் பாருங்கள். சிவிபி அதிகமாக இருந்து இடது பக்கம் காலியாக இருந்தால் வலது இதயம் தோற்றுக்கொண்டிருக்கிறது, இங்கே நீர் ஏற்றுவது நிலைமையைக் கெடுக்கும். இந்த இரண்டையும் பிரிக்காமல் 'சக்ஷனா, ஒரு பாட்டில் போடு' என்று போவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அழுத்துகிறதா என்பதையும் அதே எக்கோவில் பார்த்துவிடலாம்.

எக்மோவிலும் (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பும் மெஷின்) இதே கதைதான், இடம் மட்டும் வேறு. உறிஞ்சும் குழாய் அதிர ஆரம்பித்தால், நுழைவழுத்தம் மைனஸ் 100 மி.மீ.க்குக் கீழே போனால், ரத்தம் உடையத் தொடங்கும். இம்பெல்லாவும் எக்மோவும் ஒன்றாக ஓடும்போது எக்மோ முன்னாலேயே ரத்தத்தை எடுத்துவிடுவதால் இம்பெல்லாவுக்குக் கிடைப்பது குறையும், அங்கே இம்பெல்லா உச்ச வேகத்தில் ஓடவேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது.

படி 5: வேகம் இவ்வளவு வேண்டுமா

முதல் மணிநேரங்களில் அதிக வேகம் நியாயம். லாக்டேட் இறங்கி, பிரஷர் மருந்து குறைந்து, சிறுநீர் வர ஆரம்பித்த பிறகும் யாரும் தொடாமல் பி-8லேயே விட்டிருப்பார்கள். உறுப்புகளுக்குப் போதுமான ஓட்டத்தைத் தரும் மிகக் குறைந்த வேகம் எது என்று தினமும் கேளுங்கள்.

படி 6: கட்டியா, ஹெப்பரின் போதவில்லையா

இடம் சரி, நிரம்பலும் சரி, வேகமும் குறைத்தாயிற்று, பிளாஸ்மா இன்னும் சிவப்பு என்றால் பம்புக்குள் கட்டி இருக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினின் அளவைப் பார்க்கச் செய்யும் ஆன்டி-டென்-ஏ பரிசோதனை நிறத்தை வைத்து அளப்பது. பிளாஸ்மாவில் ஹீமோகுளோபினும் பிலிருபினும் அதிகமாக இருந்தால் முடிவு உண்மையைவிடக் குறைவாக வரும். அதைப் பார்த்து ஹெப்பரினைக் கூட்டினால் நோயாளிக்கு எங்காவது ரத்தம் கசியும். ஹீமோலிசிஸ் இருக்கும் நோயாளிக்கு ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி அல்லது ஏசிடியையும் சேர்த்துப் பாருங்கள். பர்ஜ் கரைசலில் போகும் ஹெப்பரினையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ரத்தக் கசிவு இருந்தால் ஹெப்பரினுக்குப் பதில் பைகார்பனேட் கலந்த பர்ஜ் ஒரு வழி, 2022 முதல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி இருக்கிறது.

இந்தப் பம்புகள் சிவப்பணுவை மட்டும் பாதிப்பதில்லை. காயத்தில் தட்டணுக்களை ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்டு என்ற நீளமான புரதத்தையும் உரசல் விசை இழுத்து விரித்துவிடும், விரிந்ததை உடம்பின் நொதி ஒன்று துண்டு துண்டாக வெட்டிவிடும். அதனால்தான் தட்டணு எண்ணிக்கையும் ஹெப்பரின் அளவும் சரியாக இருந்தும் ஊசி குத்திய இடத்திலெல்லாம் கசியும்.

படி 7: சிறுநீரகத்தைக் காப்பாற்றுங்கள், எப்போது பம்பை மாற்றுவது என்று முடிவெடுங்கள்

அணுவுக்குள் இருக்கும்வரை ஹீமோகுளோபின் நல்லது. வெளியே வந்தால் முதலில் ஹாப்டோகுளோபின் அதைப் பிடித்து அகற்றும், அது தீர்ந்ததும் மிச்சம் சிறுநீரகக் குழாய்களுக்குள் போய் அடைத்து நஞ்சாகும். ரத்தக் குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் அது விழுங்கிவிடும், குழாய்கள் இறுகும். ஏற்கெனவே ஷாக்கில் அடிபட்ட சிறுநீரகத்துக்கு இது இரண்டாவது அடி. ஆகவே கிரியாட்டினின், பொட்டாசியம் தினம் இரண்டு தடவையாவது பாருங்கள், சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்துகளை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள், சிறுநீரக மருத்துவரை முன்கூட்டியே கூப்பிடுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு நாளில் குறையவில்லை என்றால் பம்பை எடுக்க முடியுமா, மாற்ற வேண்டுமா என்ற கேள்வி வந்துவிடும். இதயம் தேறியிருந்தால் எடுத்துவிடலாம். இன்னும் பம்ப் தேவை என்றால் தோள்பட்டைப் பக்கத் தமனி வழியாகப் போடும் 5.5 வகை நல்ல மாற்று, அது பெரியது, உச்ச வேகமே 33,000 சுற்றுதான், மெதுவாகச் சுற்றியே 5 லிட்டருக்கு மேல் தரும்.

குடும்பத்தினருக்கு

'ரத்தத்தை உடைக்கிற மெஷினை ஏன் போடுகிறார்கள்' என்று கேட்கத் தோன்றும். 2024இல் வெளியான டேன்ஜர் ஷாக் என்ற ஆய்வு டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் மருத்துவமனைகளில் நடந்தது. பெரிய ஹார்ட் அட்டாக்கால் ஷாக்கில் போனவர்களில், 180 நாளில் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 58.5%, இந்தப் பம்ப் சேர்த்தவர்களில் 45.8%. அதே ஆய்வில் ரத்தக் கசிவு, கால் பாதிப்பு, ரத்தம் உடைதல் போன்ற பெரிய சிக்கல்கள் சேர்ந்து வழக்கமான சிகிச்சையின் 6.2%க்கு எதிராகப் பம்பில் 24%, டயாலிசிஸ் வகைச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 26.7%க்கு எதிராக 41.9%. உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது, கூடவே ஆபத்தும் வருகிறது, இரண்டும் உண்மை. ஆழ்மயக்கத்தில் வந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அதனால் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

உள்ளே பார்க்கவிடும் அந்தப் பத்து நிமிடத்தில் சிறுநீர்ப் பை கறுத்திருப்பதைப் பார்த்தால் தயங்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப ரத்தம் கேட்டால் "கசிவா, உடைவா? பம்ப் இடம் எக்கோவில் பார்த்தாச்சா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்த நல்ல டாக்டரும் கோபப்படமாட்டார்.

படி 8: பம்பை எடுத்த பிறகு

பிளாஸ்மா ஹீமோகுளோபின் சீக்கிரம் இறங்கிவிடும், எல்டிஹெச் பின்னால் மெதுவாக வரும், ஹாப்டோகுளோபின் திரும்பச் சில நாள் ஆகும். எடுத்து இரண்டு நாளுக்குப் பிறகும் உடைவு தொடர்ந்தால் வேறு காரணம் தேடுங்கள், ஏற்றிய ரத்தத்துக்கு எதிர்வினை, செயற்கை வால்வு, நோய்த்தொற்று என்று. டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரத்திலேயே கிரியாட்டினின் ஒரு தடவை பார்க்கச் சொல்லி சம்மரியில் எழுதுங்கள், ஊருக்குப் போனபின் அது விட்டுப்போய்விடுகிறது.

அன்று அதிகாலை நாலேகாலுக்கு எங்கள் நோயாளியின் பம்பை ஒன்றரை செ.மீ. வெளியே இழுத்து வைத்தார்கள். ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது குழாயில் இறங்கிக்கொண்டிருந்த சிறுநீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது, மறுநாள் இரவு நான் திரும்பி வந்தபோது மஞ்சள்.